ராவையில ஏன் பாலம் கட்டுறாங்க? தொடங்கினா நிப்பாட்டேலாத வேலைகளப் பத்தி

பாலம் ஒண்டு கட்டத் தொடங்கினா அந்த ஊர்ல முதல் கிளம்புற கேள்வி இதுதான், பகல் முழுக்க வெளிச்சமாக் கிடக்க ஏன் இவங்க ராவையில ஜெனரேட்டரப் போட்டு, பெரிய லைட்டுகளக் கொளுத்தி, சனத்தையும் நித்திரை கொள்ள விடாம வேலை செய்றாங்க எண்டு. கொந்தராத்து முடியிற திகதி கிட்டுது, அதான் ஓடுறாங்க எண்டு ஒருத்தர் சொல்லுவார், ஓவர்டைம் காசுக்கு எண்டு இன்னொருத்தர் சொல்லுவார். சில இடத்தில அதுவும் உண்மையா இருக்கலாம், ஆனா பெரிய காரணம் அது இல்ல. பாலத்தில சில வேலைகள் இருக்கு, தொடங்கினா முடியிற வரைக்கும் கைய எடுக்கேலா, சாப்பாட்டு நேரம் ஆகிட்டு, மழ வருகுது, மிச்சத்த நாளைக்குப் பாப்பம் எண்டெல்லாம் சொல்லேலா. இன்னும் சில வேலைகள் வெயில்ல செஞ்சா கெட்டுப்போகும். இந்த ரெண்டும் விளங்கிட்டா அந்த லைட்டுக்குக் கீழ என்ன நடக்குது எண்டு நீங்களே பாத்துச் சொல்லுவீங்க.

நம்மட மட்டக்களப்பில பாலத்தப் பத்திக் கதைக்காம வாழேலா. வாவி கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கு, அதுக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. மண்முனையில 2014 ஏப்ரலில பாலம் திறக்கிற வரைக்கும் ஆக்களும் சைக்கிளும் நெல்லு மூட்டையும் எல்லாம் பாதையில, அதாவது ஆக்கள ஏத்தி இறக்கிற மிதவையில, ஏறித்தான் அங்கால போகணும், ஆசுபத்திரிக்குப் போற அவசரத்திலயும் பாதை இந்தக் கரைக்கு வருமட்டும் காத்துக் கிடக்கணும். கல்லடியில 1924இல கட்டின லேடி மெனிங் பாலம் ஒரு வழிப் பாலம், அந்தப் பக்கத்தால வாகனம் வந்தா இந்தப் பக்கம் நிக்கணும், அப்படியே கிட்டத்தட்ட 90 வருசம் ஓடி 2013 மார்ச்சிலதான் பக்கத்தில புதுப் பாலம் திறந்தாங்க. ஓட்டமாவடியில ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்திலதான் மாறி மாறிப் போனது. அம்பாறைப் பக்கம் பாத்தா அறுகம்பைப் பாலம் 2004 சுனாமியில உடைஞ்சு, புதுசு 2008இலதான் வந்தது. இதையெல்லாம் பாத்த ஆக்களுக்கு ஒரு பாலம் எப்பிடி எழும்புது எண்டு தெரிஞ்சிருக்கணும் எண்டு நான் நினைக்கிறன், ஏனெண்டா கட்டி முடிஞ்ச பிறகு அதின்ட பெரிய பங்கு ஒருத்தர்ட கண்ணுக்கும் படாது.

அந்தப் பெரிய பங்கு எங்க எண்டு கேட்டா, தண்ணிக்குக் கீழ. வேலை தொடங்கி முதல் எத்தினையோ மாசம் கரையில நிண்டு பாத்தா ஒரு மிதவையில பெரிய மிஷின் ஒண்டு நிக்கும், ரெண்டு கிரேன் நிக்கும், அவ்வளவுதான், பஸ்ஸில போற சனம் எட்டிப் பாத்திட்டு இன்னும் ஒரு தூணும் எழும்பயில்ல, காசு முடிஞ்சு போச்சாக்கும் எண்டு சொல்லும். உண்மையில அந்த மாசங்கள்லதான் பாலத்தின்ட உசிரான வேலை நடக்குது. அதுதான் பைலிங்.

வாவிட அடி கல்லு இல்ல. மேல கறுத்தச் சேறு, பிறகு மணல், பிறகு களி, இன்னும் மணல், இப்பிடிப் படை படையாப் போய்த்தான் உறுதியான தரை வரும், நம்மட கிழக்கில அடியில கிடக்கிறது நைஸ் எண்டு சொல்ற பழைய கருங்கல் வகை. தூண சேத்துக்கு மேல வச்சா அமிழும். அமிழாட்டியும் பெரு வெள்ளம் வாற வருசம், 2011 ஜனவரியில வந்த மாதிரி, தண்ணி தூணடியில சுழண்டு மண்ண அரிச்சுக்கொண்டு போகும். உலகத்தில பாலங்கள் விழுறதுக்கு இந்த மண்ணரிப்புத்தான் பெரிய காரணங்கள்ல ஒண்டு. அதால அரிப்பு எட்டாத ஆழத்துக்கு, ஏலுமெண்டா கல்லு வரைக்கும், கொங்கிரீட் கால்கள இறக்குறாங்க. அந்தக் கால்தான் பைல்.

அத இறக்குற விதத்தில ஒண்டு ஓங்கி அடிக்கிறது, முதலே வார்த்து வச்ச பைல சம்மட்டி மிஷினால அடிச்சு அடிச்சு இறக்குறது. மற்றது துளைச்சு வார்க்கிறது, துளையத் தோண்டி அதுக்குள்ளேயே கொங்கிரீட் ஊத்துறது. பெரிய பாலத்துக்கு இப்ப கூடுதலாப் பாக்கிறது ரெண்டாவதுதான். வாவிக்கும் அதுதான் நல்லம் எண்டு நான் சொல்லுவன், தண்ணிக்குள்ள சத்தம் காத்தில போறத விட நாலு மடங்குக்கும் மேல வேகமாப் போகும், கல்லடிப் பாலத்தடியில நிலாக் காலத்தில தோணியில போய்த் துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியக் காதில வச்சு மீன் பாட்டுக் கேட்ட ஊர் இது, சம்மட்டி அடி மீனுக்கு என்ன செய்யும் எண்டு நமக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவயில்ல.

சரி, துளை எப்பிடித் தோண்டுறாங்க எண்டு பாப்பம். முதல் ஒரு பெரிய இரும்புக் குழாய, அதுக்குக் கேசிங் எண்டு பேர், அதிர வச்சு அதிர வச்சு சேத்துக்குள்ள இறக்குவாங்க. வீட்டு ஜன்னல் கண்ணாடி எல்லாம் நடுங்குது எண்டு சொல்றீங்களே, அது இந்த வேலதான். பிறகு அதுக்குள்ளால நீளமான கம்பியில பூட்டின ஒரு இரும்பு வாளி சுத்திச் சுத்தி இறங்கும், நிறைஞ்ச உடன மேல வரும், அடி மூடி திறந்து மண்ணக் கொட்டும், திரும்ப இறங்கும். கிட்ட நிண்டு பாக்கிற வாய்ப்புக் கிடைச்சா அந்த மண்ணின்ட நிறத்தப் பாருங்க, முதல்ல நாறுற கறுப்பு, பிறகு சாம்பல், பிறகு மஞ்சக் களி, கடைசியா உடைஞ்ச கல்லுத் துண்டு. ஒவ்வொரு படை மாறுறபோதும் ஒரு பொடியன் பையில கொஞ்சம் எடுத்து ஆழத்த எழுதி வைப்பார். கல்லுக்கு வந்திட்டம் எண்டு முடிவெடுக்கிறது அந்தப் பையப் பாத்துத்தான்.

இனித்தான் நிப்பாட்டேலாத இடம் வருது. மணலுக்குள்ள தோண்டின துளை சும்மா நிக்காது, பக்கச் சுவர் சரிஞ்சு மூடும். அத மூட விடாம பிடிக்கிறது பென்டனைட் எண்டு ஒரு களித் தூள். அத தண்ணியில கரைச்சு துளை நிறைய விட்டு வைப்பாங்க, அந்தக் கரைசல் தண்ணிய விடக் கொஞ்சம் பாரம், அதோட வாவித் தண்ணி மட்டத்த விட உயரத்தில அத வச்சிருப்பாங்க, அந்த அமுக்கம்தான் சுவரத் தள்ளிப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. ஆனா கனநேரம் பிடிக்காது. நேரம் போகப் போக பக்கத்து மண் ஊறி இளகும், கரைசல்ல மிதக்கிற மணல் மெள்ள மெள்ள அடியில போய்ப் படியும். பைலின்ட அடியில ஒரு அடி மணல் கிடந்தா அந்தப் பைல் கல்லில நிக்கிற பைல் இல்ல, மணல்ல நிக்கிற பைல், பாரம் ஏற ஏற இறங்கும். அதால துளை முடிஞ்ச உடன அடியக் கழுவி, கம்பிக் கூட்ட இறக்கி, கொங்கிரீட்ட ஊத்தியே ஆகணும். துளை பின்னேரம் 6 மணிக்கு முடிஞ்சா கொங்கிரீட் நடுச்சாமத்திலதான். அதுக்குத்தான் லைட்டு.

கம்பிக் கூடு இறங்குறது பாக்க ஒரு தனி அழகு. முழு நீளத்த ஒரேயடியாத் தூக்கேலா, துண்டு துண்டா இறக்கி, ஒண்டக் குழாய் வாயில தொங்க விட்டு, மேல அடுத்தத நிமிர்த்திக் கட்டி, பிறகு இறக்குறது. கூட்டச் சுத்தி சின்னச் சின்ன உருளைக் கட்டைகள் பூட்டியிருக்கும், கம்பி துளைச் சுவரோட முட்டாம 75 மில்லிமீற்றர் அளவுக்கு இடைவெளி விடுறதுக்கு. அந்த இடைவெளியில கொங்கிரீட் நிறையணும். நம்மட வாவித் தண்ணி உப்பு, உப்பு கம்பியில பட்டாக் கறள், கறள் பிடிச்ச கம்பி ஊதி கொங்கிரீட்ட வெடிக்க வைக்கும். கடற்கரைப் பக்கம் பழைய வீட்டுத் தூண்கள் வெடிச்சு உள்ளுக்குள்ள செம்பட்டைக் கம்பி தெரியுமே, அதே கதைதான். அதால இந்தச் சின்னக் கட்டைய ஒருத்தர் கவனமாப் பூட்டுறாரா இல்லையா எண்டுறதிலதான் பாலத்தின்ட ஆயுசு கிடக்கு.

தண்ணிக்குள்ள கொங்கிரீட் எப்பிடிப் போடுறது எண்டுறது பாதிப் பேருக்கு விளங்காத விசயம். மேல இருந்து சும்மா கொட்டினா சீமெந்து கழுவுப்பட்டுப் போகும், கல்லு மட்டும் அடியில சேரும். அதால ஒரு குழாய துளையின்ட அடி வரைக்கும் விடுவாங்க, ட்ரெமி எண்டு சொல்லுவாங்க, மேல ஒரு புனல் இருக்கும். கொங்கிரீட் அந்தக் குழாய்க்குள்ளால போய் அடியில இருந்து நிறைஞ்சு மேல வரும், மேல கிடக்கிற பென்டனைட்டத் தள்ளிக்கொண்டே வரும், வழியிற கரைசல பம்ப் அடிச்சு டாங்குக்கு எடுப்பாங்க. முக்கியமான சட்டம் ஒண்டுதான், குழாய் வாய் எப்பவும் புதுக் கொங்கிரீட்டுக்குள்ள ரெண்டு மீற்றர் அளவுக்குப் புதைஞ்சே இருக்கணும். குழாய கொஞ்சம் கூடத் தூக்கிட்டா வாய் வெளிய வரும், சேத்துத் தண்ணி உள்ள போகும், பைலின்ட நடுவில ஒரு சேத்துப் படை இருக்கும், வெளியில இருந்து ஒருத்தருக்கும் தெரியா.

அதால அந்த ராவையில பாக்க வேண்டிய ஆள் கிரேன் ஓட்டுறவர் இல்ல. குழாயடியில ஒருத்தர் குந்தியிருப்பார், கையில ஒரு நீளமான டேப்பு, நுனியில ஒரு இரும்புக் குண்டு. ஒவ்வொரு லொறி கொட்டி முடிய அந்தக் குண்ட துளைக்குள்ள இறக்குவார், அது கொங்கிரீட்டில தட்டுறத கை உணர்வாலதான் பிடிப்பார், கரைசல்ல இருக்கும் வரைக்கும் ஒரு இழுவை, கொங்கிரீட்டில பட்ட உடன வேற மாதிரி ஒரு நிப்பு. ஆழத்தச் சத்தமாச் சொல்லுவார், பக்கத்தில ஒருத்தர் எழுதுவார், கணக்குப் பாத்து குழாய் எத்தினை துண்டு கழட்டலாம் எண்டு முடிவெடுப்பாங்க. அப்பிடி ஒரு அண்ணன நான் கேட்டன், நித்திரை வராதா அண்ணன் எண்டு. "இது முடியிற வரைக்கும் வராது தம்பி, வந்தாலும் வர விடேலா" எண்டார், டேப்பில இருந்து கண்ண எடுக்காமலே.

கணக்கு ஒண்டு போட்டுக் காட்டுறன். பைல் 1.2 மீற்றர் விட்டம், 30 மீற்றர் ஆழம் எண்டு வைங்க, அதுக்குள்ள கிட்டத்தட்ட 34 கனமீற்றர் கொங்கிரீட் போகும். லொறி ஒண்டில 6 கனமீற்றர் வந்தா ஆறு லொறி வேணும். மூணாவது லொறி டயர் வெடிச்சு எங்கயாவது நிண்டா? முதல் ஊத்தினது இறுகத் தொடங்கும், குழாய் உள்ளுக்குள்ள பிடிபடும், அந்தப் பைலே போச்சு, பக்கத்தில வேற பைல் போடணும். அதாலதான் நல்ல சைட்டில ரெண்டாவது ஜெனரேட்டர் சும்மா நிக்கும், ரோட்டும் சந்தையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அடங்கின பிறகு லொறி வாறதும் இதுக்குத்தான். வீணாச் செலவு மாதிரித் தெரியும், வீணே இல்ல.

லொறி வந்த உடன முதல் நடக்கிறது ஒரு சின்னச் சோதனை. 300 மில்லிமீற்றர் உயரமான இரும்புக் கூம்பு ஒண்டு, மேல 100, கீழ 200 அகலம். தட்டுக்கு மேல அத வச்சு மூணு தரமா கொங்கிரீட் போட்டு, ஒவ்வொரு தரமும் இரும்புக் கம்பியால 25 குத்து. மேல வழிச்சிட்டு கூம்ப நேரா மேல தூக்குவாங்க, உள்ளுக்க இருந்தது தளர்ந்து கீழ இறங்கும், எவ்வளவு இறங்கினது எண்டு அளக்கிறதுதான் சோதனை. பைலுக்கு நல்லா ஓடணும், அதால கூட இறங்கணும், 150 மில்லிமீற்றருக்கு மேல. அளவு சரியா வராட்டி லொறியத் திருப்பி அனுப்பணும். ஓடுறது காணாது எண்டு சொல்லி லொறிக்குள்ள தண்ணி ஊத்துறதக் கண்டா அது பிழையான சைட் எண்டு வச்சுக்கொள்ளுங்க, தண்ணி கூடினா பலம் குறையும், அதில ரெண்டாவது பேச்சே இல்ல.

இப்ப வெயில் கதைக்கு வருவம். கொங்கிரீட் காய்ஞ்சு இறுகுறது எண்டுதான் கனபேர் நினைக்கிறாங்க. அது காயிறதே இல்ல, சீமெந்தும் தண்ணியும் சேந்து ஒரு இரசாயன மாற்றம் நடக்குது, அதிலதான் இறுகுது, தண்ணிக்குக் கீழ பைல் இறுகுறதும் அதாலதான். அந்த மாற்றத்தில சூடு வெளிய வரும். சின்ன வேலையில தெரியா, ஆனா பைல்களச் சேத்துக் கட்டுற பெரிய தலைக்கட்டு இருக்கே, பைல் கெப் எண்டுறது, வீட்டு அறை அளவுக்கு ஒரே கட்டியா வார்க்கிறது, அதின்ட நடுவில சூடு போக வழி இல்ல. நடு 70 பாகைக்கு மேல ஏறக்கூடாது, நடுவுக்கும் வெளித் தோலுக்கும் வித்தியாசம் 20 பாகைக்கு மேல போகக்கூடாது எண்டு பொதுவாக் கணக்கு வைப்பாங்க, தாண்டினா வெடிப்பு. மத்தியான வெயில்ல காய்ஞ்ச சல்லிக்கல்லும் சூடான தண்ணியும் போட்டுக் குழைச்சா தொடக்கமே சூடு. கொட்டுற நேரத்தில கொங்கிரீட் 32 பாகைக்கு மேல இருக்கக்கூடாது எண்டுறது பரவலான விதி, நம்மட ஊர்ல மே, ஜூன், ஜூலையில பகல்ல நிழலே அதத் தாண்டும். அதால ஐஸ் போடுவாங்க, இல்லாட்டி ராவைக்கு மாத்துவாங்க, கனதரம் ரெண்டும்.

பாலத்தின்ட மேல் தட்டு போடுறபோது இன்னொரு எதிரி வரும், கச்சான் காத்து. மேற்கால மலையத் தாண்டி ஈரமெல்லாத்தையும் கொட்டிப்போட்டு வாற அந்தக் காஞ்ச காத்து உடம்பில பட்டாலே தெரியும். தட்டு எண்டுறது பெரிய பரப்பு, தடிப்புக் குறைவு, மேல திறந்து கிடக்கு. சூடு, காஞ்ச காத்து, வெயில் மூணும் சேந்தா ஒரு சதுரமீற்றர்ல இருந்து மணித்தியாலத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல தண்ணி ஆவியாப் போகும், அந்த அளவு வந்தா மேல் தோல் சுருங்கி, இறுகுறதுக்கு முதலே வெடிக்கும். வீட்டு முத்தத்துக்குச் சீமெந்து போட்டு அடுத்த நாளே மயிர்க்கோடு கோடா வெடிச்சதப் பாத்திருப்பீங்க. முத்தத்தில அது பாக்கத்தான் வடிவில்ல, பாலத்தில உப்புக் காத்து உள்ள போற வழி. ராவையில கச்சான் தணியும், வெயிலும் இல்ல, அதால பின்னேரம் தொடங்கி விடிய முதல் முடிக்கப் பாப்பாங்க. அந்த நேரம் கேக்கிற "உய்ங்" எண்ட சத்தம் போக்கர், கொங்கிரீட்டுக்குள்ள விட்டு அதிர வச்சு காத்துக் குமிழிய வெளிய எடுக்கிறது. விடிஞ்சு பாத்தா தட்டு முழுக்க ஈரச் சாக்கு விரிச்சிருக்கும், குறைஞ்சது ஏழு நாளைக்கு அத ஈரமாவே வச்சிருக்கணும், முழுப் பலத்துக்கான சோதனை 28ஆம் நாள். சாக்கு காஞ்சு கிடந்தா யாராவது ஒருத்தர் கேக்கணும்.

தூணுக்குத் தூண் நீளமாக் கிடந்து மேல் தட்டத் தாங்குற பீம ஏத்துறது வேற காரணத்துக்கு ராவையில. 30 மீற்றர் பீம் ஒண்டு 50 தொன் கிட்ட வரும், அத ரோட்டால கொண்டு வாறதெண்டா ரோட்ட மறிக்கணும், பகல்ல கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் போற பஸ் எல்லாத்தையும் நிப்பாட்டேலா. காத்து கூடினா தூக்கவும் ஏலா, பகல்ல கடல் காத்து, ராவையில அது அடங்கும்.

அந்தப் பீமுக்குள்ள ஒரு விசயம் ஒளிஞ்சிருக்கு, அது விளங்கினாத்தான் இவ்வளவு மெல்லிசான பீம் எப்பிடி லொறியத் தாங்குது எண்டு தெரியும். கொங்கிரீட்ட அமுக்கினா தாங்கும், இழுத்தா பிய்யும். பீமுக்கு மேல பாரம் ஏறினா வளையப் பாக்கும், வளைஞ்சா அடிப்பக்கம் இழுபடும், அந்த இடத்தில வெடிக்கும். அதால பாரம் ஏற முதலே அடிப்பக்கத்த அமுக்கி வச்சிருக்கிறாங்க. முந்தி மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையக் காய்ச்சி ஏத்துவாங்க, ஆறினா பட்டை சுருங்கி மரத்த இறுக்கிப் பிடிக்கும், எவ்வளவு குலுங்கினாலும் கழராது. இங்க பட்டைக்குப் பதிலா பீமுக்குள்ளால போற உருக்குக் கம்பிக் கயிறு. 15.2 மில்லிமீற்றர் கயிறு ஒண்ட 19, 20 தொன் பலத்தில ஜாக்கி வச்சு இழுத்துப் பூட்டுவாங்க, ஒரு குழாய்க்குள்ள பன்னிரெண்டு கயிறு போனா 200 தொன்னுக்கும் மேல. 30 மீற்றர்ல அந்தக் கயிறு கிட்டத்தட்ட 20 சென்ரிமீற்றர் நீளும், அந்த நீட்சிய அளந்து கணக்கோட ஒத்துப் பாக்கிறதுதான் இழுத்தது சரியா எண்டு தெரியிற வழி. அந்த நேரம் ஜாக்கிக்கு நேர் பின்னால ஒருத்தரும் நிக்கக்கூடாது, கயிறு விட்டா என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவயில்ல.

பாலத்தில பஸ் போகேக்க "டக் டக்" எண்டு கேக்கிற இடைவெளியப் பத்தியும் ஒரு வார்த்தை. அது வேலை பிழைச்சு வந்த வெடிப்பு இல்ல, வேணுமெண்டு விட்டது. கல்லடிப் புதுப் பாலம் 290 மீற்றர் கிட்ட, அது ஒரே துண்டா இருந்து 15 பாகை சூடு ஏறினா 4 சென்ரிமீற்றருக்கும் மேல நீளும். நீள இடமில்லாட்டி கரையில கட்டின சுவரத் தள்ளும்.

பாக்கப் போறதெண்டா நிக்கிற இடம் முக்கியம். பக்கத்தில பழைய பாலம் இருந்தா அதுதான் நல்ல இடம், கல்லடியில பழைய இரும்புப் பாலத்தில நிண்டு புதுசு எழும்புறத பாத்த ஆக்கள் எத்தினையோ பேர். ஆனா மோட்டச்சைக்கிள பாலத்து நடுவில நிப்பாட்டாதீங்க, கரையில விட்டிட்டு நடந்து போங்க. வேலி கட்டின இடத்துக்குள்ள போகவே கூடாது, பென்டனைட் சிந்தின தரை சவர்க்காரம் மாதிரி வழுக்கும், கேசிங் வாய் தரை மட்டத்தில திறந்து கிடக்கும். தோணியில போறவங்க மிதவையக் கட்டின கயிறுகளக் கவனிக்கணும், இருட்டில தெரியா. போன்ல படம் எடுக்கிறதெண்டா பிளாஷ நிப்பாட்டிட்டு எடுங்க, கிரேன்காரர் கீழ நிக்கிற ஆளின்ட கைச்சைகைய மட்டும்தான் பாத்து 50 தொன்ன அசைக்கிறார், அவர்ட கண்ணில ஒரு வெளிச்சம் அடிக்கக்கூடாது.